ஜெயிக்க முடியாத ஆட்டம்

துக்கத்தைச் சொல்ல வீடியோ கேமுக்குத் தனி வழி உண்டு: நம் கையையே அதில் இறக்கிவிடும்.

ஐந்து வயதில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மகன் ஜோயலைப் பற்றி ரையன், ஏமி கிரீன் தம்பதி உருவாக்கிய ஆட்டம் ‘தட் டிராகன், கேன்சர்’ (2016). மருத்துவமனை அறையில் குழந்தை அழுகிறான். குடிக்கக் கொடுத்தாலும், தூக்கி வைத்துக்கொண்டாலும் அழுகை ஓயவில்லை. சினிமா என்றால் அந்தத் தகப்பனைப் பார்த்து அழுதிருப்போம். இங்கே நாமே தகப்பனாகத் தவிக்கிறோம்.

டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ நம் வீட்டுக் கதை. 1988இல் கனடாவில் வாழும் தமிழ்ப்பெண்ணிடம் அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. பக்கங்கள் சிதைந்து, எழுத்து அழிந்துபோயிருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று நாம்தான் யோசித்து நிரப்ப வேண்டும். நம் ஊரிலும், அம்மா போன பிறகு அவர் கைப்பக்குவத்தை நினைவிலிருந்து தேடிப் பிடிக்கும் மகள்களுக்கு இந்தத் தடுமாற்றம் உடனே புரியும்.

சாவை ஜெயிக்க எந்தப் பொத்தானும் கிடையாது. ஆனாலும் கூடவே இருக்கலாம், விட்டதைத் தொடர்ந்து செய்யலாம். விளையாட்டின் வழியே இதை உணரவைப்பவர்களை முழுமையான கலைஞர்களாகவே மதிக்கிறேன்.