போர்டு போச்சு சார்!

டி.வி. ஆன் ஆகவில்லை என்று கம்பெனி சர்வீஸுக்குப் போன் போட்டால், வருகிற தம்பி பத்து நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிடுவார். ‘போர்டு போச்சு சார்!’ அடுத்து போர்டின் விலையைச் சொல்வார். அதற்கடுத்து நம் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘இதுக்கு நீங்க புதுசே வாங்கிரலாம்’ என்று ஆறுதலும் சொல்வார்.

மூன்றில் முதலாவது வாக்கியம் பெரும்பாலும் தப்பு. இடி இறங்கினாலோ, சுவர் ஒழுகி உள்ளே தண்ணீர் போனாலோ ஒரு போர்டு முழுசாகப் போகலாம். மற்றபடி போவது, அதில் உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான பொடி பார்ட்ஸ்களில் ஒன்றோ இரண்டோதான். கம்பெனித் தம்பிக்கு அது எது என்று தேடுவது வேலையில்லை. போர்டை மாற்றுவதுதான் வேலை. அவரைக் கோபித்துப் பிரயோசனமில்லை.

தேடத் தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்துகளில், உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் சின்னச் சின்ன கடைகளில், சால்டரிங் புகைக்கு நடுவே. அவர்கள் வேலை பார்க்கிற விதம் தனி அழகு.

செத்துக் கிடக்கும் செட்டை நேராகக் கரன்ட்டில் சொருக மாட்டார் நல்ல மெக்கானிக். நடுவில் நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை சீரியஸில் மாட்டுவார். பல்பு பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். ஒரு கணம் மின்னி மங்கினால் ஷார்ட் இல்லை, மெயின் கெபாசிட்டர் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். பிறகு மீட்டர். வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏ.சி. என்றால், மெயின் கெபாசிட்டரில் சுமார் 320 வோல்ட் டி.சி. நிற்க வேண்டும். நின்றால் அதுவரை சுகம், சீக்கு அதற்கு அப்புறம். சத்தம் வருது, படம் இல்லையா? ஸ்கிரீன் மேல் டார்ச் அடிப்பார். நிழல் போலப் படம் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, பேக்லைட்தான் அவுட். வரிசையாகக் கோத்த எல்.இ.டி.யில் ஒன்று போனாலே அந்த வரிசை முழுக்க இருட்டுதான்.

அடிக்கடி மாட்டுகிற குற்றவாளி, எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். குட்டி பீப்பாய் மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றும். சில சமயம் தலை உப்பிக் காட்டிக் கொடுக்கும். சில சமயம் பார்க்க நல்ல பிள்ளையாக இருக்கும், இ.எஸ்.ஆர். மீட்டர் வைத்தால்தான் குட்டு உடையும்.

இங்கே பி.காம். படித்தவனின் கணக்கு ஒன்று. கெபாசிட்டர் மேல் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று அச்சடித்திருக்கும். சாதாரண ரகம் அந்தச் சூட்டில் 2,000 மணி நேரம் உழைக்கும். சூடு பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. டி.வி.க்குள் 65 டிகிரி என்று வையுங்கள். 85 டிகிரி ரகம் 8,000 மணி நேரம் வரும், 105 டிகிரி ரகம் 32,000 மணி நேரம். தினம் ஆறு மணி நேரம் டி.வி. பார்க்கிற வீட்டில் முதலாவது மூன்றரை வருஷத்தில் மூச்சை விடும். இரண்டாவது பதினாலு வருஷம் தாண்டும். கடையில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில ரூபாய்தான். எல்லா கம்பெனியும் மட்டமானதைப் போடுகிறது என்று நான் சொல்லவில்லை. எதைப் போட்டிருக்கிறார்கள் என்று வாங்கும்போது நமக்கு யாரும் சொல்வதில்லை. அதுதான் என் புகார்.

சரி, கவர்மென்ட் என்ன செய்கிறது? சும்மா இல்லை. 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தைத் திறந்தார்கள். பிறகு, எந்தச் சாமானை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மார்க் போடும் திட்டத்துக்காக, நுகர்வோர் விவகாரத் துறை கூடுதல் செயலாளர் பரத் கேரா தலைமையில் ஒரு குழு. 2025 மே மாதம் அறிக்கை வந்தது. கழற்ற எத்தனை படி, ரிப்பேர் தகவல் கிடைக்குமா, ஸ்பேர் எத்தனை நாளில் வரும், சாஃப்ட்வேர் அப்டேட் உண்டா, என்ன டூல் வேண்டும், என்ன ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள்... எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்துக்கு இத்தனை மார்க்.

நல்ல காரியம். கைதட்டுவோம். தட்டிவிட்டு மூன்று கேள்வி கேட்போம்.

ஒன்று, முதல் கட்டத்தில் செல்போனும் டேப்லெட்டும்தான். வீட்டில் பெரிய செலவு வைக்கிற டி.வி.யும் வாஷிங் மெஷினும் எப்போது? இரண்டு, மார்க்கைக் கணக்குப் போட்டு அறிவிப்பது கம்பெனியேதான். பரீட்சை எழுதினவனே பேப்பரையும் திருத்தலாமா? மூன்றாவதுதான் முக்கியம். இவர்கள் பாஷையில் ஸ்பேர் என்றால் பேட்டரி, டிஸ்ப்ளே, கேமரா, சார்ஜிங் போர்ட். அதாவது கழற்றி மாட்டுகிற சமாசாரம். போர்டுக்குள் இறங்கி, பத்து ரூபாய் பார்ட்ஸை மாற்றுகிறவருக்கு வேண்டியது வேறு. சர்க்யூட் டயகிராம் வேண்டும். எந்த முனையில் எத்தனை வோல்ட் என்று சொல்லும் பட்டியல் வேண்டும். ஐ.சி. தனியாகக் கிடைக்க வேண்டும். மெமரி ஐ.சி. போனால் அதில் ஏற்ற வேண்டிய புரோகிராம் வேண்டும். பிரான்சில் 2021 முதல் நடக்கும் மார்க் திட்டத்தில் ஸ்பேரின் விலைக்குக்கூட மார்க் உண்டு. நாம் டயகிராமுக்கு மார்க் போட்டு ஒரு படி மேலே போகலாமே?

இது ஆகாத காரியம் இல்லை. டயகிராமை செட்டோடு ஒட்டியே விற்ற ரேடியோக்கள் நம் வீடுகளில் இருந்தன. டி.வி. டயகிராம்களைத் தொகுத்த புத்தகங்களைக் கடையில் வாங்க முடிந்தது. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு கொடுத்த 14 இஞ்ச் இலவச கலர் டி.வி. ஞாபகம் இருக்கிறதா? அது மாதிரி பிக்சர் டியூப் செட்டுகளை ஊர் மெக்கானிக்குகளால் பிரித்து மேய முடிந்தது.

மெக்கானிக்குகள் எல்லாரும் உத்தமர்கள் என்று சர்டிபிகேட் கொடுக்கப் போவதில்லை. ஃபியூஸ் போன இடத்தில் கம்பியைச் சுற்றி அனுப்புகிற மகான்கள் உண்டு. அது தீ விபத்துக்குப் பத்திரிகை வைப்பது. பழைய போர்டில் இருந்து பிய்த்த ஐ.சி.யைப் புதுசு என்று தலையில் கட்டுபவர்கள் உண்டு. பில் கேட்டால் முறைப்பார்கள். ‘வாரண்டி எத்தனை நாள்ணே?’ என்றால், ‘நம்ம கடைதான தம்பி, எங்க போயிரப் போறேன்!’ என்பார்கள். பழுதான பார்ட்ஸைக் கையில் கேட்டு வாங்குங்கள். என்ன மாற்றினார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் இவர்களைக் கணக்கில் சேர்க்காமல் குப்பையை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நியாயமில்லை. 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள், 60 சதவிகிதத்தில் தொடங்கி 2027-28ல் 80 சதவிகிதம் மறுசுழற்சி என்று கம்பெனிகளுக்கு இலக்கு வைக்கின்றன. பழையதைப் புதுப்பித்தாலும் சான்றிதழ் உண்டு, ஆனால் பதிவு பெற்றவர்களுக்குத்தான். ஆறடி கடையில் உட்கார்ந்து வருஷம் பூராவும் டி.வி.க்களைக் குப்பைக்குப் போகாமல் தடுக்கிறாரே ஒருவர், அவர் பெயர் எந்த லெட்ஜரிலும் ஏறாது. நொறுக்கினால் கணக்கு, காப்பாற்றினால் கணக்கு இல்லை!

மதுரை புதூர் அரசு ஐ.டி.ஐ. மாதிரி இடங்களில் எலக்ட்ரானிக்ஸ் படித்து வெளியே வருகிற பையன் பெஞ்சில் உட்கார்வதா, போர்டு மாற்றப் போவதா என்பதை, அவனுக்கு டயகிராம் கிடைக்கிறதா இல்லையா என்பதுதான் தீர்மானிக்கும். டயகிராம் இல்லாமல் தேடினால் ஒரு செட்டுக்கு ஒரு நாள் போய்விடும். அந்தக் கூலியில் எவனும் குடும்பம் நடத்த முடியாது. வாரண்டி முடிந்த சாமானின் டயகிராமை வெளியிடுவதில் கம்பெனிக்கு அப்படி என்ன ரகசியம் போய்விடும்? அடுத்த அறிக்கை எழுதுகிறவர்கள் இதை மட்டும் கேட்டுச் சொன்னால் போதும்.