வீட்டில் கற்ற விளி

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்த ஒரு முற்பகல். பேகம்பூர்ச் சிறுவர் இருவர் பந்துக்காகச் சண்டையிட்டனர். ஒருவன் மற்றவனை ஒரு சாதிப் பெயரால் திட்டினான். அவனை அழைத்து, அச்சொல்லின் பொருள் யாது எனக் கேட்டோம். "தெரியாது சாமி. எங்க வீட்டுல கோபம் வந்தா அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான். தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற பகுதி இது. தோலைத் தொட்டுப் பிழைப்போரின் சாதிப் பெயர் வசைச்சொல்லாகப் புழங்குவது நமக்குப் புதிதன்று. எனினும் பொருளறியாப் பிள்ளையின் வாயில் அதைக் கேட்டபோது நெஞ்சு சுட்டது.

அன்றிரவு பாமாவின் 'கருக்கு' நூலை மீண்டும் எடுத்தோம். கத்தோலிக்கத் தலித் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் மடம் புகுந்து, பின்னர் வெளியேறிய பெண்ணொருவரின் தன்வரலாறு அது, 1992-இல் வெளிவந்தது. முதன்முறை படித்தபோது, திருச்சபையின்மீது அவர் வைத்த குற்றச்சாட்டுகளே நம் கண்ணில் பட்டன. சற்றுச் சினமும் கொண்டோம். இம்முறை வேறொன்று தெளிந்தது. சாதியைப் பிள்ளைகள் எவ்வாறு கற்கிறார்கள் என்பதை இத்துணைத் துல்லியமாகக் காட்டும் தமிழ் நூல்கள் மிகச் சிலவே.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தன் தெருப் பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், அதன் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் செல்வதைக் காண்கிறாள். வேடிக்கையென்று சிரித்து, வீட்டில் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவன் காரணத்தை விளக்கிய நொடியில் அச்சிரிப்பு அவமானமாக மாறுகிறது. மற்றோரிடத்தில், நிலவுடைமையாளர் வீட்டுச் சிறு பிள்ளைகள் அவளுடைய பாட்டியைப் பெயர் சொல்லி அழைத்து ஏவுகிறார்கள்; பாட்டியோ அவர்களை 'ஐயா' என்கிறார். ஒரே முற்றத்தில் இரு சாராரும் பாடம் படிக்கின்றனர். ஒரு பிள்ளை ஆளக் கற்கிறது; மற்றது பணியக் கற்கிறது. இருவர்க்கும் ஆசான் விளிச்சொல்லே.

இந்நூலின் மொழி கொச்சையானது என்று குறைப்பட்டோர் உண்டு. நாமும் அவ்வாறு எண்ணியதுண்டு. ஆனால் அச்சில் வந்த பேச்சுத்தமிழுக்கு முகம் சுளித்த அதே செவிகள், நம் வீட்டுத் திண்ணைகளில் ஒலிக்கும் சாதி வசைகளுக்குச் சுளிக்கவில்லையே! அந்த மக்களின் பேச்சிலேயே அவர்தம் வாழ்வைச் சொன்னது நூலின் வலிமை. குறையும் இல்லாமலில்லை. பிற்பகுதியில் நிகழ்ச்சிகள் சுருங்கி, வாதம் மிகுகிறது. கூறியது கூறலும் உண்டு. பொட்டலக் காட்சி ஒன்று உணர்த்துவதை அப்பக்கங்கள் பல உணர்த்துவதில்லை.

இத்தீமை நம் எல்லையோடு நிற்கவுமில்லை. பறையர் என்னும் நம் சமூகமொன்றின் பெயரே, ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் 'பரையா' என்ற பொதுச்சொல்லாக ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. உலகிற்குத் தமிழ் வழங்கிய சொற்களுள் இதுவும் ஒன்று எனில், நாம் பெருமை கொள்வதெங்ஙனம்? சாதி போன்ற பிறப்புவழிப் பாகுபாடும் இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் வரம்புக்குள் அடங்கும் என்று 2002-இல் ஐ.நா. குழு அறிவித்தது. 2003-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தமிழக ஆயர்களிடம் பேசுகையில் சாதிப் பிரிவினையைக் கண்டித்தார். அறிவிப்புகள் மேலிருந்து வருகின்றன. விளிச்சொல்லோ அடுக்களையில் பிறக்கிறது.

பிறரைச் சுட்டி நாம் தப்புவதற்கில்லை. ஆறு வயதில், நம் வயலில் உழுத அறுபது வயது முதியவரை 'வாடா' என்றே அழைத்தோம். நம் அன்னை பக்தி மிகுந்தவர். நாள் தவறாது செபமாலை சொல்பவர். அவர் திருத்தவில்லை. முதியவரும் 'வாறேன் சாமி' என்றார். குருவாவதற்கு முன்பே அவர் நாவால் நாம் 'சாமி' ஆனோம்! குருமடத்தில் இறையியல் கற்று, மனித மாண்பு பற்றித் தேர்வெழுதி, ஆண்டுகள் பல கடந்த பின்னரே அவ்விளி நம் செவியில் உறுத்தியது. மன்னிப்புக் கேட்க ஊருக்குச் சென்றபோது அவர் மறைந்துவிட்டிருந்தார்.

குடும்பம் ஓர் இல்லத் திருச்சபை என்கிறது இரண்டாம் வத்திக்கான் சங்கம். அவ்வாறாயின், முதல் மறைக்கல்வியும் அங்கேதான் நடைபெறுகிறது. கோபத்தில் நாம் உதிர்க்கும் சொல்லைப் பிள்ளை பொருளறியாமலே மனனம் செய்துகொள்கிறது. அன்புப் பெற்றோரே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் 'கருக்கு' நூலின் அந்தப் பொட்டலக் காட்சியைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரித்தால், அந்த அண்ணனைப்போல் காரணம் சொல்லுங்கள்.