குடும்பப் பிழையும் பொய்க் கண்டுபிடிப்பும்

ஒரே ஒரு கருதுகோளைச் சோதிக்கும்போது, இல்லாததை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பை 5 விழுக்காட்டுக்குள் நிறுத்துவது வழக்கம். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகள் செய்து, எதிலுமே உண்மையான விளைவு இல்லையென்றால், ஒரு பொய் முடிவாவது தலைகாட்டும் வாய்ப்பு 64 விழுக்காடு. பல கருதுகோள்களைச் சேர்த்துச் சோதிக்கும் மரபு இந்தக் கணக்கில் பிறந்தது. எந்தப் பிழைக்கு அதிகம் அஞ்சுவது என்பதில் அது நெறிகளாகப் பிரிந்தது.

மூத்தது குடும்பப் பிழை நெறி: சேர்த்துச் செய்யும் சோதனைகளின் மொத்தக் குடும்பத்திலும் ஒரு பொய் கூடப் புகக்கூடாது என்பது அதன் அளவுகோல். இத்தாலியர் போன்பெரோனி 1936இல் தந்த சமனின்மையை, ஆலிவ் ஜீன் டன் 1961இல் பல சராசரிகளுக்கான நடைமுறையாக்கினார். இடையில் 1953 ஒரு செழிப்பான ஆண்டு. டூக்கியின் அச்சேறாத கையெழுத்துப்படி அறிஞர்களிடையே சுற்றியது. ஷெஃபே தம் முறையை வெளியிட்டார். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்திலிருந்து வட கரோலினா சென்ற எஸ். என். ராயும் ஆர். சி. போஸும் ஒருங்கமைந்த நம்பிக்கை இடைவெளிகள் பற்றி எழுதினார்கள். இந்த மரபை மேலைநாட்டுப் பெயர்களாலேயே சொல்லிமுடிப்பவர்கள் இவ்விருவரை மறக்கக் கூடாது.

ஐந்து சோதனைகளின் பி-மதிப்புகள் (விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடவோ வலுவான முடிவு வரும் வாய்ப்புகள்) 0.001, 0.012, 0.014, 0.04, 0.30 என்று வைத்துக்கொள்வோம். போன்பெரோனி 0.05ஐ ஐந்தால் வகுத்து, எல்லாவற்றுக்கும் 0.01 என்று வரம்பிடுவார், ஒன்றுதான் தேறும். ஸ்டூரே ஹோம் 1979இல் சொன்ன வழியில், சிறிய மதிப்பிலிருந்து தொடங்கி 0.05ஐ ஐந்தால், நான்கால், மூன்றால் என வகுத்துக்கொண்டே போகவேண்டும், மூன்று தேறும். கூடுதல் அனுமானம் எதுவும் இல்லை, குடும்பப் பிழைக்கான காப்பும் குறைவதில்லை. வெறும் சோதனைக்குப் போன்பெரோனியையே இன்றும் பற்றிக்கொண்டிருப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

பெஞ்சமினியும் ஹாக்பெர்க்கும் 1995இல் கேள்வியையே மாற்றினார்கள். கண்டுபிடிப்புகள் என்று அறிவித்தவற்றில் பொய்யானவை சராசரியாக எத்தனை பங்கு? அந்தப் பங்கைக் கட்டுப்படுத்தினால் போதும் என்றார்கள். மேலே சொன்ன ஐந்தில் அவர்கள் வழியில் நான்கு தேறும். ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒருசேர அலசுவோருக்கு இது பெரிய விடுதலை. ஆனால் அவர்களது உறுதி, சோதனைகள் ஒன்றையொன்று சாராதபோதும் சிலவகை நேர்ச்சார்பு உள்ளபோதும்தான் செல்லும். எல்லாச் சார்புக்கும் பொருந்தும் கடுமையான வடிவத்தை பெஞ்சமினியும் யெகுதியெலியும் 2001இல் தந்தார்கள்.

திருத்தமே வேண்டாம் என்ற கட்சியும் உண்டு. கென்னத் ராத்மன் 1990இல் அப்படி வாதிட்டார்: பொய்க்கு அஞ்சி மெய்யைத் தவறவிடுகிறோம் என்பது அவர் கவலை. அது மதிக்கத்தக்க கவலைதான். ஆனால் 2009இல் கிரெய்க் பென்னெட் குழு, செத்த சால்மன் மீனை மூளைப்படக் கருவியில் வைத்துப் படங்கள் காட்டியபோது, திருத்தாத கணக்கு அதன் மூளையில் ‘இயக்கம்’ கண்டது. திருத்தியதும் அது மறைந்தது. ராத்மன் வழியில் போகிறவர், செய்த சோதனைகள் அத்தனையையும், தோற்றவை உட்பட, அச்சிட்டாக வேண்டும்.