டிசம்பரில் காணாமல் போன பிறந்தநாட்கள்

நண்பரின் துணிக்கடைக்கு, அடுத்த 7 நாளில் பிறந்தநாள் வரும் வாடிக்கையாளர்களைத் தேடித்தர பிப்ரவரியில் ஒரு க்வெரி எழுதிக் கொடுத்தேன். வருடத்தை விட்டு மாதம்-தேதியை மட்டும் ஒப்பிடும் வழக்கமான முறைதான். டிசம்பர் 25 அன்று பட்டியல் காலி. "உன் புரோகிராம் லீவுல போயிருச்சாப்பா?" என்றார். வரிசையில் 01-01, 12-25க்கு முன்னால் நிற்கிறது. இடையில் எதுவும் சிக்காது. பிழைச் செய்தியும் வராது, அதுதான் வம்பு.

ஒவ்வொருவருக்கும் அடுத்த பிறந்தநாள் எந்த வருடத்தில் என்று கணக்கிட்டுத்தான் ஒப்பிடணும். பிப்ரவரி 29-இல் பிறந்தவருக்கு மற்ற வருடங்களில் 28-ஆ, மார்ச் 1-ஆ என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்யணும்.

சரிசெய்து ஓட்டினால், ஜனவரி 1-இல் ஒரு பெருங்கூட்டமே பிறந்திருந்தது! தேதி சொல்லாதவர்களுக்கெல்லாம் கவுண்டரில் 01-01 போட்டிருக்கிறார்கள். காலியாக விட முடியாதபடி அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியது யார்? நான்தான்.