சீட், சீட்டு, லேடீஸ் சீட்

ஏற்காட்டுப் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பிய ஒரு சிறிய பேருந்தில் காதில் விழுந்த பேச்சு இது. முன்வரிசையில், மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி ஒரு மூதாட்டி. கண்டக்டர் குனிந்து, "எங்க ஆயா, லேடீஸ் சீட்டா?" என்று கேட்டார். "ஆமா கண்ணு, லேடீஸ் சீட்டுலதான் குந்தியிருக்கேன்" என்றார் ஆயா. கண்டக்டர் கேட்டது மலை விளிம்பில் இருக்கும் இடத்தை. ஆயா சொன்னது ஜன்னலுக்கு மேலே 'பெண்கள்' என்று எழுதியிருக்கும் இருக்கையை. அவர் போக வேண்டியது நாகலூருக்கு. அதற்கு ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு கண்டக்டர் நகர்ந்தார்.

ஒரு நிமிடத்துக்குள் மூன்று சீட்டுகள். இரண்டு ஆங்கிலம் வழி வந்தவை, ஒன்று நம்முடையது. ஆனால் பேசிய இருவருக்கும் அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. அந்தப் பேச்சு முழுவதும் தமிழ்தான் என்பது என் துணிபு.

சீட் என்ற சொல் ஆங்கிலத்துக்கும் சொந்தப் பிள்ளை இல்லை. வடகடல் தாண்டி வந்த நார்ஸ் மொழியின் 'சேட்டி'யிலிருந்து அங்கே குடியேறியது. உட்காருமிடம், அரசு நடக்கும் தலைநகர், கல்வி வளர்ந்த ஊர், பிரபுவின் கிராமத்து மாளிகை, கால்சட்டையின் பின்பகுதி எல்லாம் அவர்களுக்கு சீட்தான். அகலக் காட்சி தெரியும் குன்றுக்கும் பாறைக்கும் அதே பெயரை வைத்தார்கள். எடின்பரோ நகரத்தின் 251 மீட்டர் குன்று ஆர்தர்ஸ் சீட். குன்னூரில் லேடி கேனிங் சீட். குடகு அரசர்கள் மாலை வேளையில் அமர்ந்ததாகச் சொல்லப்படும் மடிக்கேரி மேட்டின் பெயர் ராஜாஸ் சீட்.

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் வந்த தோட்டக்காரர்களும் பாதிரிமார்களும் தங்கள் பெயரிடும் வழக்கத்தையும் மலையேற்றினார்கள். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் மூன்றும் இயற்கையாய் அமைந்த பாறைகள். ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி மாலைதோறும் லேடீஸ் சீட்டுக்கு வந்து சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று கதை சொல்வார்கள். இன்றும் அங்கே நின்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறிவரும் மலைப்பாதை காலடியில் தெரியும், அதற்கப்பால் சேலம் நகரம். வானம் தெளிந்த நாளில் மேட்டூர் அணையின் நீரும் மின்னும்.

அந்தப் பெயர்கள் வருவதற்கு முன்பே மலைக்குப் பெயர் இருந்தது. மலையாளிகள் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் பழங்குடி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. பேசுவது தமிழ். சேலநாடு, மொகநாடு, முட்டநாடு என்று மலையை மூன்றாகப் பிரித்து வாழ்ந்தார்கள். உச்சியில் குகைக்கோயிலில் இருக்கும் சேர்வராயன் பெயரே மலைக்கும் பெயர். ஆங்கிலேயர் வாயில் அது 'ஷெவராய்' ஆனது. மலை தன் பெயரை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, சீட் என்ற சொல்லை வாங்கிக்கொண்டது.

வாங்கிய சொல்லை நாம் என்ன செய்தோம் என்பதுதான் இங்கே ஆராய வேண்டியது. ஒரு சொல்லின் பொருளை அறிய அதோடு வரும் வினையைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் சீட்டில் அமர்வார்கள், சீட்டை விட்டு எழுவார்கள். தமிழில் சீட் பிடிக்கிறோம், போடுகிறோம், வாங்குகிறோம், கேட்கிறோம், கொடுக்கிறோம். கிடைத்தது என்கிறோம், கிடைக்கவில்லை என்கிறோம். சேலத்துப் பேருந்து நிலையத்தில் மே மாதத்துக் கோடை விழா நாளில், ஏற்காடு வண்டி நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு பறக்கும். அந்தத் துண்டு விழுந்த இடத்துக்கு ஓர் உரிமை உண்டு, அதை எல்லாரும் மதிப்பார்கள். "சீட் போட்டாச்சு" என்ற வாக்கியத்துக்கு ஈடு ஆங்கிலத்தில் இல்லை. ஷேர் ஆட்டோக்காரர் "ஒரு சீட், ஒரு சீட்" என்று கூவும்போது சீட் என்றால் ஓர் ஆள். இடத்தின் பெயர் அதில் உட்கார வேண்டியவருக்கு ஆகிவந்திருக்கிறது. நம் இலக்கணத்துக்குப் பழக்கமான ஆகுபெயர்தான்.

கல்லூரிக்குள் நுழைந்தால் சொல் கனத்துவிடுகிறது. 1993-இல் உச்ச நீதிமன்றம் உன்னிகிருஷ்ணன் வழக்கில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு 'ஃப்ரீ சீட்', 'பேமென்ட் சீட்' என்ற இரண்டு தொடர்களும் தமிழ் வீடுகளின் அன்றாடப் பேச்சாயின. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் அந்த ஏற்பாடு மாறியது. 'மேனேஜ்மென்ட் சீட்' பெருகியது. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007-இல் போனது, பிறகு நீட் வந்தது, 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. ஒவ்வொரு மாற்றமும் வீட்டுத் திண்ணையில் ஒரே கேள்வியாகத்தான் கேட்கப்பட்டது: "பையனுக்கு சீட் கெடச்சுதா?" எந்தப் பாடம், எந்த ஊர் என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். இங்கே சீட் என்றால் ஒரு குடும்பம் தன் நிலையிலிருந்து ஏறுவதற்கான படி. எல்.கே.ஜி. வரைக்கும் இறங்கிவந்துவிட்டது இந்தப் பொருள்.

அரசு அலுவலகத்தில் வேறொரு நிறம். "சார் சீட்ல இல்லீங்க" என்ற பதிலைக் கேட்காமல் வயதானவர் எவரும் தமிழ்நாட்டில் இல்லை. அதைவிடக் கூர்மையானது "ஃபைல் பி-3 சீட்ல இருக்குது" என்பது. எழுத்தும் எண்ணுமாகப் பிரித்த பணிப்பங்கீட்டில் பி-3 என்பது மேசையோ நாற்காலியோ கிடையாது. ஒரு பொறுப்பு. உட்கார்ந்திருப்பவர் மாறினாலும் சீட் மாறாது. சாதிச் சான்றுக்காக மலையிலிருந்து இறங்கிவரும் பழங்குடிப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது அதிகாரியின் பெயரை அல்ல, சீட்டின் பெயரை.

தேர்தலில் வடநாட்டார் டிக்கெட் கேட்பார்கள், நாம் சீட் கேட்போம். நாளிதழ் 'தொகுதிப் பங்கீடு' என்று அச்சிடும், டீக்கடை "எத்தனை சீட்டு குடுத்தாங்க?" என்று கேட்கும். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். அந்தச் சொல் முழு எடையோடு நிற்கும் இடம் இந்த மலை. உறுப்பினர் பெருமாள் மறைந்ததால் 2013 டிசம்பரில் ஏற்காட்டில் இடைத்தேர்தல் நடந்தது. அவர் மனைவி சரோஜா வென்றார். தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதன்முதலில் வைக்கப்பட்டதும் அந்தத் தேர்தலில்தான்.

இனி நம்முடைய சீட்டு. வடக்கே கடிதத்தைக் குறிக்கும் 'சிட்டி'யோடு உறவுள்ள இந்தச் சொல்லுக்குத் துண்டுத்தாள் என்பது அடிப்பொருள். ஆங்கிலேயர் அந்தச் சிட்டியைத் தங்கள் மொழிக்குக் கொண்டுபோனதை 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பதிந்திருக்கிறது. நாம் ஒன்று கொடுத்து ஒன்று வாங்கியிருக்கிறோம். புலவர்கள் புரவலருக்கு எழுதியது சீட்டுக்கவி. பாரதி 1919-இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு எழுதியதும் அதுதான். ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைச்சீட்டு என்று பணம் அதில் புகுந்தது. 1961-இல் சென்னை மாநிலச் சட்டமும் 1982-இல் மத்தியச் சட்டமும் சீட்டு நடத்துவதை ஒழுங்குசெய்தன. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு, காப்பி எடைபோடும் இடத்தில் எடைச்சீட்டு. வாக்குச்சீட்டு போய் எந்திரம் வந்தபிறகும் ஒப்புகைச் சீட்டாகத் திரும்பிவந்துவிட்டது.

சிக்கல் ஒலியில் இருக்கிறது. டகர மெய்யில் முடியும் சொல்லைத் தமிழ் நாக்கு அப்படியே விடாது, ஓர் உகரம் சேர்த்து முடிக்கும். கேட் கேட்டானது, நோட் நோட்டானது, சீட் சீட்டானது. கூரைக்குப் போடும் ஷீட்டும் சீட்டானது. ஏமாற்றுக்கு 'சீட்டிங்' என்று இன்னொரு சொல்லும் வந்து சேர்ந்தது. "சீட்டுக்காரன் சீட்டிங் பண்ணிட்டான்" என்று அழுகிற பெண்ணின் வாக்கியத்தில் இரண்டு மொழிகள் ஒரே ஓசையில் நிற்கின்றன. "சீட்டைக் கிழிச்சுட்டாங்க" என்பது எது? வேலை போனதைச் சொல்வதால் பதவியாகிய சீட் என்று இன்றைய இளைஞர் எண்ணுகிறார். கிழிவது தாள். ஆகவே இது பழைய சீட்டு என்பேன். "சீட்டு போச்சு" என்பதோ பெரும்பாலும் புதிய சீட். கேட்கிறவர் காதில் இரண்டும் ஒன்றாகிக்கொண்டு வருகின்றன, இன்னும் ஒரு தலைமுறையில் பிரிக்க முடியாமலும் போகலாம்.

நம் அகராதிக்காரர்கள் செய்திருக்கும் வேலை பெரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அ. சிதம்பரநாதனார் தலைமையில் ஆங்கிலம்-தமிழ் அகராதி 1960-களில் வந்தது. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய எழுத்தில் சொற்கள் எப்படிப் புழங்குகின்றன என்று எடுத்துக்காட்டோடு காட்டியது. கி. ராஜநாராயணன் கரிசலுக்கும் பெருமாள்முருகன் கொங்குக்கும் வட்டாரச் சொற்களைத் திரட்டினார்கள். இந்த வரிசை முழுவதையும் நன்றியோடு பார்க்கிறேன். ஆனாலும் தமிழாகிவிட்ட ஆங்கிலச் சொல்லை வேற்றாள் என்று வாசலில் நிறுத்தும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வடசொல் தன் அயல் எழுத்தை விட்டுவிட்டு வந்தால் தமிழ்ச் செய்யுளுக்குள் இடமுண்டு என்று தொல்காப்பியரே வழிசெய்திருக்கிறார். சீட் ஓசையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை, வினைகளையும் நம்மிடமே எடுத்துக்கொண்டது. இருக்கை, ஆசனம், இடம் என்று மாற்றுச்சொல் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. 'தமிழ் இருக்கை' என்று ஹார்வர்டுக்காக ஊர்கூடிப் பணம் திரட்டியபோது அந்தப் பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் வந்ததே. ஆனால் துண்டு போட்டு இருக்கை பிடித்தேன் என்று எவரும் சொல்லப்போவதில்லை.

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்து மேஸ்திரியின் பேச்சு, மலையாளி ஊர்களின் பேச்சு, பள்ளி விடுதிகளின் பேச்சு, பேருந்துக் கண்டக்டரின் பேச்சு நான்கும் ஒரே கடைத்தெருவில் கலக்கின்றன. இந்த மலைக்கென்று ஒரு சொற்றொகுப்பு வர வேண்டும். அங்கே வேலைபார்க்கும் தமிழாசிரியர்களே, உங்கள் மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு நோட்டுப்புத்தகம் கொடுத்து, வீட்டில் ஆயா பேசுவதை அப்படியே எழுதிவரச் சொல்லுங்கள். சொல்லை மட்டும் எழுதினால் போதாது. அது எந்த வினையோடு வந்தது, யார் யாரிடம் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.