கோப்ளினுக்கு என்ன மரியாதை?

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டம் முழுக்க ஒரே கேள்வியில்தான் ஓடுகிறது: "இப்ப நீங்க என்ன பண்ணப் போறீங்க?" ஆட்டத்தை நடத்துபவர் ஒரு சூழலை வாயால் விவரிப்பார். ஆடுபவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட நாளிலிருந்து அடிப்படை இதுதான். விதிப்புத்தகங்கள்தான் மாறிக்கொண்டே இருக்கின்றன.

பல்கலைக்கழக நாட்களில் இதை ஆங்கிலத்தில் ஆடியிருக்கிறேன். ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு பொந்தியானில் நான்கு புதியவர்களோடு மறுபடி தொடங்கினேன். நான்கு பேருமே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். தாயம் தவிர வேறெதற்கும் பகடையைத் தொட்டதில்லை. ஆட்டம் தமிழில் நடக்க வேண்டும் என்று யாரும் தீர்மானம் போடவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. ஆனால் மொழி மாறியதும் ஆட்டமும் மாறியது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த கதையில், முன்பு நான் பார்க்காத ஒன்று தெரிந்தது.

அந்தக் கதை 2014-இல் தொடக்கப் பெட்டியோடு வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்'. புதியவர்களுக்கு இதைவிட நல்ல சாகசம் இன்னும் வரவில்லை என்பது என் கட்சி. அதன் முதல் பகுதியில், குகைக்குள் யீமிக் என்று ஒரு கோப்ளின் இருக்கிறான். சில்டர் என்ற மனிதனைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறான்: என் தலைவனைக் கொன்று தலையைக் கொண்டு வாருங்கள், ஆளை விடுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டு தரப்புக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். யார் மேலே, யார் கீழே என்பதைக் குரலை வைத்து ஊகித்துக்கொள்ளலாம், ஊகிக்காமலும் விடலாம்.

தமிழில் அப்படி விட முடியாது. யீமிக் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் முடிவு செய்தாக வேண்டும்: 'வாங்க'வா, 'வா'வா, 'வாடா'வா? அவன் 'வாங்க' என்றால் பயந்திருக்கிறான், அல்லது நடிக்கிறான். 'வாடா' என்றால் பிணைக்கைதி தரும் தைரியம். எழுத்துத்தமிழில் பேசினால் மேடை நாடக அரசனாகிவிடுவான், நாலு பேரும் சிரித்துவிடுவார்கள். புத்தகத்தில் இதற்கு ஒரு வரி உதவி கிடையாது. அதன் மொழிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

பதில் சொல்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். மூன்று பேர் யோசிக்காமலேயே அவனை 'டேய்' என்றார்கள். கயிற்றில் கட்டிக் கிடந்த சில்டரோ முதல் வாக்கியத்திலேயே 'ஐயா' ஆனார். அவர் மனிதர், பெரிய இடத்து ஆள். நான்காவது ஆள், மருத்துவமனையில் தாதியாக வேலை செய்பவர், யீமிக்கிடம் "நீங்க சொல்றது புரியுதுங்க, ஆனா அவருக்கு ரத்தம் போகுது" என்றார். அந்த 'ங்க' விழுந்ததும் காட்சி வேறாகிவிட்டது. அவன் இனி வெட்டிப் போட வேண்டிய பூச்சி இல்லை, பேரம் பேசும் ஒரு தரப்பு. விதிப்புத்தகத்தில் இதற்கு 'பெர்சுவேஷன்' என்று ஒரு திறன் இருக்கிறது, அதற்குப் பகடை உருட்ட வேண்டும். நான் உருட்டச் சொல்லவில்லை. மரியாதையே வேலையை முடித்துவிட்டது.

ஆக, இந்த ஆட்டத்தைத் தமிழில் ஆடினால் படிநிலையிலிருந்து ஒளிந்துகொள்ள இடமில்லை. இதை மொழியின் குறை என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலப் புத்தகம் விதிகளுக்கு அடியில் மூடி வைத்திருப்பதைத் தமிழ் மேசை மேல் எடுத்து வைத்துவிடுகிறது.

மூடி வைத்திருப்பது என்று சும்மா சொல்லவில்லை. 2014 விதிகளில் ஒரு பாத்திரத்தின் பிறப்பே அதன் எண்களைக் கூட்டியது: குள்ளர் என்றால் உடல் உறுதியில் 2, எல்ஃப் என்றால் லாவகத்தில் 2. 2016-இல் வந்த 'வோலோஸ் கைட்' ஒருபடி மேலே போய், ஓர்க் பாத்திரத்துக்கு அறிவில் 2-ஐக் கழித்தது. பிறந்ததுமே கழித்தல். விமர்சனம் எழுந்தபின் 2020-இல் அந்தக் கழித்தலை நீக்கினார்கள். 2024-இல் வந்த புதிய ஆட்டக்காரர் கையேடு 'ரேஸ்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'ஸ்பீசீஸ்' என்று போட்டது. தமிழில் எப்படிச் சுற்றி வந்தாலும் 'இனம்' என்ற சொல்லில்தான் வந்து நிற்கிறோம். பாரத்தில் 'பங்சா' கட்டத்தை நிரப்பியே வளர்ந்தவர்கள் நாங்கள். எல்ஃப் எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டதற்கு ஒருவர் சொன்ன பதில்: "லாயின்-லாயின் லா."

புதிய கையேட்டில் எண்கள் பிறப்பிலிருந்து கழன்று 'பின்னணி'யோடு ஒட்டிக்கொண்டன. மொத்தம் 16 பின்னணிகள். விவசாயி, வணிகர், மாலுமி, பிரபு என்று போகிறது பட்டியல். ஒவ்வொன்றும் மூன்று பண்புகளைச் சொல்கிறது, அந்த மூன்றில்தான் எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். பலரும் இதைப் பாராட்டினார்கள். எங்கள் மேசையில் பாராட்டு பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. பெக்கான் நானாஸ் பக்கம் தாத்தா பாட்டி காலம் முழுக்கத் தோட்டத்தில் உழைத்த குடும்பத்துப் பையன் ஒருவன் மந்திரவாதி ஆட ஆசைப்பட்டு, விவசாயி பின்னணியை எடுத்தான். விவசாயிக்குக் கிடைப்பவை பலம், உடல் உறுதி, விவேகம். மந்திரவாதிக்கு வேண்டியது அறிவு. பிரபுவுக்கு அறிவு உண்டு, வணிகருக்கும் உண்டு.

"அப்ப தோட்டத்துக்காரனுக்கு அறிவு ஏறாதாண்ணே?"

கணக்காகப் பார்த்தால் வித்தியாசம் சின்னது. புள்ளிகளைக் கொடுத்துப் பண்புகளை வாங்கும் முறையில் அறிவு 15 வரை போகும். பிரபு அதை 17 ஆக்கிக்கொள்ளலாம், விவசாயி 15-லேயே நிற்பான். பகடையில் 1 புள்ளி, அதாவது 5 விழுக்காடு. ஆனால் அந்த 5 விழுக்காடு யார் பக்கம் சாய்கிறது என்பதுதான் விஷயம். பிறப்பை எடுத்துவிட்டுத் தொழிலை வைத்திருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு என்று நினைக்க முடிகிற ஊரில் எழுதப்பட்ட விதி அது. பிறப்புதான் தொழில் என்று நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்தவர்களிடம் அதை முன்னேற்றம் என்று விற்பது கஷ்டம்.

2024-இன் நடத்துபவர் கையேடு புதுப் பின்னணி உருவாக்க அனுமதிக்கிறது. அதனால் 'பால்மரம் வெட்டுபவர்' என்று ஒன்றைச் செய்தோம். அன்று சாகசமே நடக்கவில்லை, இரண்டு மணி நேரம் ரப்பர் மரத்தைப் பற்றியே பேசினோம். விடிவதற்கு முன் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் வரத்து குறையும். பட்டையைச் சாய்வாக, மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, பிறகு அங்கே வெட்டவும் முடியாது. இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், மில்லிமீட்டர் கணக்கில் செய்கிற வேலை. லாவகம், உடல் உறுதி, அறிவு என்று மூன்றையும் எழுதினோம். எதிர்ப்பு இல்லை. பொறியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சீவலின் துல்லியம் லேசான விஷயம் இல்லை.

நம்மைப் போன்றவர்களை உள்ளே அழைத்துவர அந்த நிறுவனம் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2022-இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டாடல்' 13 சாகசங்களின் தொகுப்பு. வெள்ளையரல்லாத எழுத்தாளர்களின் ஆக்கம். அதற்குத் தலைமை தாங்கிய இருவரில் ஒருவரான அஜித் ஜார்ஜுக்குத் தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டு, ஓசூர் அருகே அவர் தந்தை தொடங்கிய சாந்தி பவன் பள்ளியில் பணியாற்றியவர். தொகுப்பின் முதல் சாகசம், சுரீனா மேரி எழுதிய 'சால்ட்டட் லெகசி', ஓர் இரவுச் சந்தையில் நடக்கிறது. பசார் மாலாமில் வளர்ந்த எங்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

ஆடிப் பார்த்ததில் பாதிதான் திருப்தி. விளையாட்டுகள், சாப்பாடு, தாய்லாந்துச் சாயல் எல்லாம் அழகு. ஆனால் இரண்டு வணிகக் குடும்பங்களின் பகை வலிக்காமலேயே தீர்ந்துபோகிறது. மழை வந்தால் அன்றைய வியாபாரம் போச்சு என்ற பதற்றம் அதில் எங்கேயும் இல்லை. அம்மாவோடு கடை போட்டுப் பழகிய ஒருவருக்கு அது சுற்றுலாப் பயணியின் சந்தையாகப் பட்டது. என்றாலும் அன்றைக்கு மேசையில் பேச்சு நிற்கவே இல்லை. கடைக்காரர்கள் 'அக்கா', 'தவுக்கே', 'அண்ணே' ஆனார்கள். 'அக்கா' என்று கூப்பிட்டே ஒருவன் விலையைக் குறைத்தான். புத்தகம் எங்கள் ஊர்ச் சாயலைக் கொடுத்தது. உறவுமுறையை நாங்கள்தான் கொண்டுபோனோம்.

அதே தொகுப்பில் கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல் எழுதிய 'இன் த மிஸ்ட்ஸ் ஆஃப் மணிவர்ஷா' இருக்கிறது. சாதியைப் பற்றி நேரடியாக எழுதுகிற தலித் எழுத்தாளர் அவர். அந்தச் சாகசம் 9-ஆம் நிலைப் பாத்திரங்களுக்கானது. எங்கள் ஆட்கள் இப்போது 4-இல் இருக்கிறார்கள். பால்மரத்து மந்திரவாதி அதுவரை உயிரோடு இருந்தால், அந்த ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் அவனை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டான்.