அலைபாயுதே: சக்தியின் பக்கம்

மணிரத்னத்தின் 'அலைபாயுதே' (2000) பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மின்சார ரயிலையும் ஏ.ஆர். ரஹ்மானின் இசையையும் பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவையுமே சிலாகிக்கின்றனர். அவற்றில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும், கல்யாணத்துக்குப் பின்னரான சில்லறைச் சண்டைகளைக் கதையாக்கத் துணிந்ததே இப்படத்தின் பலம் என்பது என் அபிப்பிராயம். 'மௌன ராகம்' (1986) படத்தில் மனமின்றி மணமுடித்த ஒரு பெண்ணின் கதையைச் சொன்னவர், இங்கே விரும்பிக் கட்டிக்கொண்டவர்களுக்கும் அதே மௌனம் வந்து சேர்வதைக் காட்டுகிறார்.

கார்த்திக்கும் (மாதவன்) சக்தியும் (ஷாலினி) ரகசியமாக மணமுடித்து, அவரவர் வீட்டுக்கே திரும்பிப் போகிறார்கள். பெற்றோர் முன் கல்யாணமாகாதவளாக நடமாடும் மனைவி! படத்தின் மிக நுட்பமான பகுதி இதுதான். விஷயம் வெளிப்பட்டு, கட்டி முடிக்கப்படாத ஒரு கட்டடத்தில் குடித்தனம் தொடங்கிய பிறகே வசதியான வீட்டுப் பிள்ளையும் வசதி குறைந்த வீட்டுப் பெண்ணும் ஒருவரையொருவர் அறியத் தொடங்குகின்றனர்.

நோயுற்ற தகப்பனைப் பார்க்க வரும்படி சக்தி கேட்கிறாள். கார்த்திக் தயங்குகிறான். போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்துவிடுகிறார். எந்தத் தாம்பத்தியத்தையும் உலுக்கிவிடக்கூடிய இடம் இது. குற்றம் யாருடையது என்பதில் சந்தேகமுமில்லை. ஆனால் திரைக்கதை அங்கு தரித்து நிற்பதில்லை. சக்தியின் அக்கா பூரணியின் குழம்பிப்போன கல்யாணத்தைச் சேர்த்துவைக்கக் கார்த்திக் மறைவாக உதவுகிறான். அதை சக்தி தவறாக விளங்கிக்கொள்கிறாள். அவ்வளவுதான், தராசு சாய்ந்துவிட்டது! அவன் நல்லவன், அவள் சந்தேகக்காரி. உண்மை தெரிந்து ஓடி வருபவளை விபத்து வைத்தியசாலைக் கட்டிலில் பேச்சு மூச்சின்றிக் கிடத்துகிறது.

கதையின் பெரும்பகுதி, மனைவியைத் தேடி அலையும் கார்த்திக்கின் நினைவுகளாகவே விரிகிறது. ஆகவே தகப்பனை இழந்த சக்தியின் துக்கமும் அவன் நினைவில் தங்கிய அளவுக்கே நமக்குக் கிடைக்கிறது. மனைவி ஏற்படுத்திய விபத்துக்குத் தானே பழியேற்க முன்வரும் அதிகாரியாக அரவிந்த்சாமி சிறிது நேரமே வருகிறார். மனைவியை எவ்வாறு நேசிப்பது என்பதை கார்த்திக் அவரிடமிருந்தே கற்கிறான்; கட்டிலில் கிடப்பவளிடமிருந்து அல்ல.

2002இல் ஷாத் அலி இக்கதையை 'சாத்தியா' என்று ஹிந்தியில் எடுத்தபோதும் அந்த விபத்து அப்படியே இருந்தது. மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி' (2015) படத்திலும் இளம் ஜோடி பாடம் கற்பது தம்மிடமிருந்தல்ல, மறதி நோய்க்குள்ளான மனைவியைப் பராமரிக்கும் ஒரு முதியவரிடமிருந்துதான். ஆனால் அங்கே வரும் தாரா, சக்தியைவிட நிறையவே பேசுகிறாள்.